எட்டு வாரத்தில் இருபத்தொரு கிலோமீட்டரா?

எங்கள் தெரு முனை மின்கம்பத்தில் ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். "எட்டே வாரத்தில் 21 கிலோமீட்டர்! ஓடிப் பழக்கமே இல்லாதவர்களும் வரலாம்!" கீழே ஒரு கைபேசி எண். பக்கத்தில் கழுத்தில் பதக்கம் தொங்க, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் ஓர் இளைஞன் படம். காலையில் பால் வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன். படிக்கும்போதெல்லாம் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறுகிறது. ஏற்கெனவே அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். எழுதித் தீர்த்துவிடுவது உடம்புக்கு நல்லது என்று தோன்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நம்ம ஊர் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். வண்டிகள் விடாத அந்த நேரத்தில், டூப்ளே சிலையிலிருந்து வடக்குக் கோடி வரை எத்தனை பேர் ஓடுகிறார்கள்! ஆண், பெண், சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்ட பாட்டிமார்கள் எல்லோரும் வருகிறார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு காட்சி கிடையாது. அதைப் பார்ப்பதற்காகவே நான் காந்தி சிலைக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறேன். என் சண்டை அந்த "எட்டே வாரம்" என்ற இரண்டு வார்த்தையோடுதான்.

நான் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் உலகத்தில் எதுவும் எட்டு வாரத்தில் நடக்காது. அதைக் கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். வேலைக்குச் சேர்ந்தால் இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். அதன் பிறகுதான் சர்வீஸ் புக்கில் "நிரந்தரம்" என்று எழுதுவார்கள். வருடத்துக்கு ஓர் இன்க்ரிமென்ட். ஆறாவது ஊதியக் குழு வந்த பிறகு அது அடிப்படைச் சம்பளத்தில் மூன்று சதவீதம். இளநிலை எழுத்தரை மறுநாளே கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது. கோப்புகள் நாசமாகும். அதன் பலனை அனுபவிக்கிறவர் கவுண்டருக்கு வெளியே நிற்கும் பொதுமக்கள். உடம்பிலும் அதே கதைதான். உத்தரவு போடுகிறவர் ஒருவர், அனுபவிக்கிறவர் வேறொருவர்.

பக்கத்து வீட்டுக்காரரின் மருமகனுக்கு வயது முப்பத்தாறு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை; ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டிய வேலை. இப்படித்தான் ஒரு பயிற்சியாளரிடம் பணம் கட்டிச் சேர்ந்தார். அதற்கு முன் அவர் ஓடிய ஓட்டமெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான். முதல் வாரம் மூன்று கிலோமீட்டர். நான்காவது வாரம் எட்டு. ஆறாவது வாரம் பதினொன்று. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில், கட்டை விரலால் அழுத்தினால் ஒரே ஓர் இடத்தில் சுரீர் என்று வலி. பயிற்சியாளரிடம் கேட்டிருக்கிறார். "வலிச்சாதான் சார் பலன். ஐஸ் வையுங்க, ஓடுங்க" என்று பதில். ஏழாவது வாரம் பதினெட்டு ஓட வைத்தார்கள். பதினொன்றிலிருந்து பதினெட்டுக்கு, ஒரே தாவல்!

வீட்டுக்கு வரும்போது காலை ஊன்ற முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த வகை முறிவு ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜமாம். பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் எலும்பில் மயிரிழை விரிசல். பத்து வாரம் நிற்கக் கூடாது. நிற்காமல் அந்த வேலை செய்ய முடியாது; வேலை செய்யாவிட்டால் ஒப்பந்தக்காரர் சம்பளம் தர மாட்டார். அந்தப் பத்து வாரமும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது மாமனாரின் பென்ஷனில்தான். பயிற்சியாளர் என்ன சொன்னார் தெரியுமா? "உங்க கால் அமைப்பே சரியில்லை சார்." கட்டணம் வாங்கும்போது காலைப் பார்க்கவில்லையா என்று நான் கேட்டேன். என்னிடம் பதில் சொல்ல அவருக்கு என்ன கட்டாயம்? ஆடிட் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. அடுத்த எட்டு வாரத்துக்கு அடுத்த கூட்டம் சேர்ந்துவிட்டது. மின்கம்பத்தில் புதுப் போஸ்டர்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று எலும்பு மருத்துவம் படித்த என் நண்பரின் மகனிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். விஷயம் எளிமையானது. ஆனால் போஸ்டர்க்காரர்கள் யாரும் சொல்வதில்லை. ஓட ஆரம்பித்தால் முதலில் தேறுவது மூச்சு. இதயமும் நுரையீரலும் இரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். மூன்றாவது வாரத்தில் "அட, மூச்சு வாங்கவே இல்லையே" என்று நமக்கே ஆச்சரியமாக இருக்கும். அடுத்துத் தசை. கடைசியில், ரொம்பக் கடைசியில்தான், தசைநாரும் எலும்பும். தசைநாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் அது நிதானமாகத்தான் பலப்படும். எலும்பு இன்னும் விசித்திரம். புதுப் பாரம் ஏறினால் எலும்பு உடனே கெட்டிப்படுவதில்லை. முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழுப்புவது மாதிரி. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். இடித்த பிறகு, கட்டி முடிப்பதற்கு முன்னால், சில வாரங்கள் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும்.

இப்போது எட்டு வாரக் கணக்கைப் பாருங்கள். மூச்சு "போ, போ" என்று சொல்கிற அதே சமயத்தில் எலும்பு சுவரை இடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பயிற்சியாளர் மூச்சை மட்டும் பார்த்துத் தூரத்தைக் கூட்டுகிறார். கையிருப்பு இல்லாத கணக்கில் காசோலை கிழிக்கிற வேலை இது. அலுவலகத்தில் யாராவது அப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்போம்.

"அப்படியானால் எட்டு வாரத்தில் ஓடி முடித்துப் போட்டோ போடுகிறார்களே, அவர்களெல்லாம் பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. முடித்தவர் போட்டோ போடுகிறார். முறிந்தவர் கட்டிலில் படுத்திருக்கிறார். அவரை யார் போட்டோ எடுப்பார்கள்? பரீட்சையில் தேறியவர்கள் பெயரை மட்டும் பலகையில் ஒட்டிவிட்டு "எங்கள் பள்ளியில் நூறு சதவீதம்" என்று சொல்கிற சாமர்த்தியம்தான் இது.

என் தங்கை மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கணக்கு என் கையில் இருக்கிறது. சும்மா சொல்லவில்லை, நீளவாட்டுப் பேரேடு ஒன்றில் கோடு போட்டு, தேதி, தூரம், நிமிடம், குறிப்பு என்று நான்கு பத்தி பிரித்து நானே எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு வயது நாற்பத்தாறு. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நான்கு வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் இருக்கிறாள். ஆரோவில்லில் பிப்ரவரி மாதம் நடக்கும் மாரத்தானில் பத்து கிலோமீட்டர் பிரிவும் உண்டு. அதை ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மருத்துவரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்து, கால் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று சோதித்து, அவர் சரி என்ற பிறகு, ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்தபோது ஆரம்பித்தாள்.

எப்படி ஆரம்பித்தாள்? ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டுச் சுற்று. ஆக இருபத்து நான்கு நிமிடம், மொத்தம் இரண்டரை கிலோமீட்டர். செவ்வாய், வியாழன், ஞாயிறு. மற்ற நாள் ஓய்வு, அல்லது சாதாரண நடை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான் திட்டம். பையில் எப்போதும் நான்கு கடலை மிட்டாய். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும்.

ஜூலையில் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மொத்தம் மூன்று கிலோமீட்டர். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூரம் ஏறும், அதுவும் அரை அரை கிலோமீட்டராக. ஆகஸ்டில் நான்கு, செப்டம்பர் கடைசியில் ஐந்து, அக்டோபரில் ஆறு. நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தைக் குறைப்பாள். என் பேரேட்டில் அந்த வாரங்களுக்கு எதிரே "விடுப்பு — தகுதியுடையது" என்று எழுதியிருப்பேன்.

இதற்கு வீட்டில் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். என் தங்கை, "அண்ணே, இவ ஓடுறாளா, நடக்குறாளா? எதிர் வீட்டுக்காரி கேட்குறா, எனக்குப் பதில் சொல்லத் தெரியல" என்றாள். மாப்பிள்ளை, "மாமா, எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஆறே வாரத்துல இருபத்தொண்ணு ஓடிட்டாரு. இவ அஞ்சு மாசமா ஆறுலேயே நிக்கிறா" என்றார்.

"மாப்பிள்ளை, அந்த ஒருத்தர் இப்ப ஓடுறாரா?" என்று கேட்டேன்.

"அது தெரியல மாமா."

"தெரிஞ்சுகிட்டு வாங்க."

அவர் இன்னும் தெரிந்துகொண்டு வரவில்லை.

நவம்பரில் நம்ம ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரேட்டில் பதினாறு நாள் வரிசையாக "மழை" என்று இருக்கிறது. மழை விட்ட முதல் ஞாயிறு அவள் என்ன செய்தாள் தெரியுமா? விட்ட இடத்திலிருந்து ஆறரை ஓடவில்லை. இழந்த நாளைப் பிடிக்கிறேன் என்று எட்டும் ஓடவில்லை. நான்குக்கு இறங்கினாள். எனக்கு அவள் மேல் அன்றைக்குத்தான் உண்மையான மரியாதை வந்தது. இறங்கத் தெரிவது எல்லோருக்கும் வராது. டிசம்பர் முடிவில் ஏழு. ஜனவரியில் பொங்கல் வாரம் ஆறோடு நிறுத்திக்கொண்டாள். மற்ற ஞாயிறுகளில் அரை அரையாக ஏறி ஒன்பது. போட்டிக்கு முந்தின ஞாயிறு வெறும் ஐந்து. பிப்ரவரியில் ஆரோவில் செம்மண் பாதையில், நடுநடுவே நடந்து, ஒரு மணி இருபத்தொரு நிமிடத்தில் பத்து கிலோமீட்டர். மறுநாள் திங்கட்கிழமை. காலை எட்டரை மணிக்குப் பள்ளியில் வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றாள். அந்த வரியைப் பேரேட்டில் சிவப்பு மையில் எழுதினேன். எட்டு வாரக்காரர்களின் பட்டியலில் "மறுநாள்" என்ற பத்தியே கிடையாது.

"பத்து சதவீத விதி" என்று ஒன்றைச் சிலர் வேதமாகச் சொல்வார்கள்: வாரத்துக்கு வாரம் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று. நான் அந்தக் கட்சியும் இல்லை. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புது ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஒரு பகுதிக்குப் பத்து சதவீத விதிப்படி பதின்மூன்று வாரப் பயிற்சி, இன்னொரு பகுதிக்கு எட்டு வாரப் பயிற்சி. இரண்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். போஸ்டர்க்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, எட்டு வாரமே போதும்" என்று கிளம்புவார்கள். அவசரப்பட வேண்டாம். அந்த எட்டு வாரமும் பதின்மூன்று வாரமும் எதற்குத் தெரியுமா? நான்கு மைல், அதாவது ஆறரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டத்துக்கு! ஆறரைக்கே ஐந்தில் ஒருவர் படுக்கிறார் என்றால் இருபத்தொன்றுக்கு என்ன கணக்கு?

இன்னொன்று. 2025-இல் வெளியான ஓர் ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் ஓட்டக் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆபத்து வாரத்தின் மொத்தக் கூட்டலில் இருப்பதாகத் தெரியவில்லை. கடந்த முப்பது நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே நாளில் அதிகமாகத் தாவினால் காயம் கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மருமகனின் பதினொன்றும் பதினெட்டும் நினைவுக்கு வருகிறதா? ஆகவே யாராவது உங்கள் பிள்ளையைப் பெரிய ஓட்டத்துக்குக் கூப்பிட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன ஒரு மாசத்தில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஓடினாய்?" கேள்விக்குக் காசு கிடையாது.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் "தீக்தே" என்று ஒன்று உண்டு. வாத்தியார் சொல்லச் சொல்லப் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். சின்ன வகுப்பில் இரண்டு வரி. அடுத்த வருடம் ஐந்து வரி. "ப்ரெவே" பரீட்சைக்குப் போகும்போதுதான் ஒரு பக்கம் நிறைய. இரண்டு வரிக்காரனுக்கு ஒரு பக்கம் கொடுத்து, "எட்டு வாரத்தில் ப்ரெவே" என்று எந்த மெஸ்ஸியேயும் போஸ்டர் ஒட்டவில்லை. அவர்கள் பிரம்பு பிடித்தவர்கள், ஆனால் இந்த அளவுக்குக் கொடுமைக்காரர்கள் இல்லை.

அந்தப் பள்ளியில் எங்கள் உடற்பயிற்சி மெஸ்ஸியே அடிக்கடி சொல்லும் பெயர் அலேன் மிமூன். அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சுக்காக ஓடியவர். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம். அது அவர் வாழ்க்கையில் ஓடிய முதல் மாரத்தான்! இதை என்னிடமே ஒருவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார்: "பாருங்க சார், முதல் தடவையிலேயே ஜெயிச்சாரு, பயிற்சி எல்லாம் மனசுலதான் இருக்கு." மெஸ்ஸியே உயிரோடு இருந்திருந்தால் அவருக்குப் பூஜ்யம் போட்டிருப்பார். மிமூனுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. 1948 லண்டனில் பத்தாயிரம் மீட்டரில் வெள்ளி. 1952 ஹெல்சின்கியில் ஐயாயிரத்திலும் பத்தாயிரத்திலும் வெள்ளி. மூன்றிலும் அவருக்கு முன்னால் முடித்தவர் செக்கோஸ்லோவாகியாவின் எமில் சாட்டோபெக். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் மொந்தே கசினோவில் காலில் காயம் பட்டு, காலையே வெட்ட வேண்டியிருக்கும் என்ற நிலைமையிலிருந்து மீண்டவர். மெல்போர்னில் முடித்துவிட்டு, ஆறாவதாக வந்த சாட்டோபெக்குக்காகக் கோட்டருகே காத்து நின்றார். "முதல்" மாரத்தானுக்குப் பின்னால் இத்தனை வருட ஓட்டம் இருக்கிறது. போஸ்டரில் அதற்கு இடம் போதாது.

மாரத்தான் பற்றி இன்னொரு பிரெஞ்சுச் சேதி, சும்மா போகிற போக்கில். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இப்படி ஓர் ஓட்டம் வைக்கலாம் என்று யோசனை சொல்லி, ஜெயிப்பவருக்கு வெள்ளிக் கோப்பையும் கொடுத்தவர் மிஷெல் ப்ரேயால் என்ற மொழியியல் அறிஞர். ஓடி ஜெயித்தவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்ற கிரேக்கர். ஓடச் சொல்கிறவர் ஒருவர், ஓடுகிறவர் வேறொருவர் என்பது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. ஆனால் ப்ரேயால் கோப்பை கொடுத்தார். நம்ம ஆள் கட்டணம் வாங்குகிறார்.

இனி என் வயதுக்காரர்களுக்கு. இதுவரை படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன், ஓடினா முட்டி தேயும், பேசாம வீட்டுல உட்காருங்கன்னு" என்று பிள்ளைகளிடம் என் எழுத்தைக் காட்டி யாராவது சந்தோஷப்பட்டால், தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். நான் உங்கள் பக்கமும் இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்து 2017-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகவே கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். உட்கார்ந்திருக்கிறவர் முட்டியும் தேய்கிறது, வெறி பிடித்து ஓடுகிறவர் முட்டியும் தேய்கிறது. "மூட்டு வலி வரும்" என்று சொல்லிப் பெண்களை வீட்டில் உட்கார வைப்பதும், "எட்டு வாரத்தில் வா" என்று இழுத்துக்கொண்டு போவதும் எனக்கு ஒரே குற்றமாகத்தான் படுகிறது. இரண்டு பேருமே எதிரே நிற்கிறவரின் உடம்பைப் பார்ப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் ஃபௌஜா சிங் படம் அனுப்புகிற நண்பர்களுக்கும் ஒன்று. கிட்டத்தட்ட தொண்ணூறு வயதில் லண்டன் மாரத்தான் ஓடினார், உண்மை. வாழ்நாள் எல்லாம் பஞ்சாபில் நிலத்தில் உழைத்த மனிதர் அவர். பயிற்சியாளர் ஒருவர் கூடவே இருந்து தயார் செய்தார். நாற்பது வருடம் ஃபைலுக்கு முன்னால் உட்கார்ந்த நம்மை அவரோடு ஒப்பிடாதீர்கள். நானே இப்போது வேக நடைதான். அதையும் விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் கூட்டித்தான் வந்தேன்.

அலுவலகங்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. "எல்லா ஊழியரும் கலந்துகொள்ள வேண்டும்" என்று ஒரு சுற்றறிக்கை, ஒரு டீ-ஷர்ட், விழிப்புணர்வு ஓட்டம். எந்த நோய்க்கு விழிப்புணர்வோ, அந்த நோயே இருக்கிறவர்களை ஓட வைக்கிறார்கள். தொடக்க விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைக்க ஏழரை மணி ஆகும். நம்ம ஊர் ஈரக் காற்றில் ஏழரை மணி வெயில் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அவர் ஓடப் போவதில்லை. வியர்வை காயாத காற்றில் உடம்பு சூடு இறங்க வழியே இல்லை. அன்றைக்கு மயங்கி விழுகிறவரைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்டோக்காரருக்குத்தான் உண்மையில் பதக்கம் கொடுக்க வேண்டும். சுற்றறிக்கை போடுகிறவர்களுக்கு என் யோசனை: ஓட்டத்துக்கு நான்கு மாதம் முன்னால் போடுங்கள். அதில் முதல் வரியாக, கடந்த மாதம் ஓடிய அதிகபட்சத் தூரத்தை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதுகிற இடம் காலியாக இருந்தால் அவருக்கு டீ-ஷர்ட் மட்டும் கொடுத்து, தண்ணீர் கொடுக்கிற மேஜைக்கு அனுப்புங்கள். படிவம் வேண்டுமானால் நான் தயாரித்துத் தருகிறேன், இலவசமாக.

தங்கை மகள் போன வாரம் வந்திருந்தாள். பதக்கம் பூஜை அறையில் மாட்டியாகிவிட்டது. என் தங்கை இப்போது எதிர் வீட்டுக்காரியிடம் தானாகவே போய்ச் சொல்கிறாள். "மாமா, அடுத்த பிப்ரவரி இருபத்தொண்ணு ஓடிடட்டுமா?" என்று கேட்டாள். பேரேட்டை எடுத்து, கண்ணாடி போட்டு, இரண்டு பேருமாகக் கணக்குப் பார்த்தோம். நடுவில் கத்திரி வெயில் இருக்கிறது, நவம்பர் மழை இருக்கிறது, அவளுக்குத் தேர்தல் வேலை போட்டாலும் போடுவார்கள். அடுத்த பிப்ரவரியும் பத்தே ஓடு, நடக்கிற நிமிடங்களை மட்டும் குறைத்துக்கொள், இருபத்தொன்று அதற்கடுத்த வருடம் என்றேன். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் காபியைக் குடித்தார். பேரேட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. பாரதி வீதிக் கடையில் புதிது ஒன்று வாங்க வேண்டும்.